மீராவின் தாளில் மூன்றாவது வரி

1

நான் கண்டியை விட்டுப் புறப்பட்டு இருபத்திரண்டு வருடங்கள் நிறைந்த அதே வாரத்தில், கண்டிக்கு வெளியே உள்ள ஒரு நூதனசாலையில், அதாவது மியூசியத்தில், சிறுவர்களுக்கான விளையாட்டுத் தாள் ஒன்றை அரசாங்கப் படிவமாக நினைத்து நடந்துகொண்டேன். நடந்ததை வரிசையாக எழுதினால் எனக்கே விளங்கும் என்று எழுதுகிறேன். இந்த வரி வரை விளங்கவில்லை.

முதலில் விபரங்கள். நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் வசிக்கிறேன். வைத்தியசாலைக் களஞ்சியம் ஒன்றில் இருப்புப் பதிவு என் வேலை. பதினைந்து வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன், ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஒரே மகள் மீரா, வயது பதினொன்று. இந்த ஓகஸ்ட் விடுமுறையில் மனைவிக்கு லீவு கிடைக்காததால் நானும் மீராவும் மட்டும் இரண்டு வாரம் கண்டிக்குப் போனோம். கட்டுக்கலையில் என் தங்கை சாந்தியின் வீட்டில் தங்கினோம். அவள் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுநர்.

நூதனசாலையைக் கண்டுபிடித்தது சாந்திதான். அவளுடைய அலுவலக அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். ஹேவாஹெட்டப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த பழைய லயம் ஒன்றை அந்தப் பகுதி ஆசிரியர்களும் இளைஞர்களும் சேர்ந்து நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். பாடசாலை விடுமுறைக்காக அங்கே புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாள் நிகழ்ச்சி. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வரலாம்.

"அண்ணே, இங்கன இருந்தா பெரஹரா ஊர்வலத்துக்கு ரோடு மூடிருவாங்க, வீட்டுக்குள்ளயே கெடக்கணும். புள்ளய கூட்டிக்கிட்டுப் போவோம்" என்றாள் சாந்தி.

நான் உடனே சம்மதிக்கவில்லை. நூதனசாலை என்றால் நான் விரும்பிப் போகிறவன். ஹேவாஹெட்ட என்பதுதான் யோசிக்க வைத்தது. ஆனால் மீரா தமிழில் கேட்டாள்:

"அப்பா, அங்க என்ன இருக்கு?"

அவள் தமிழில் கேட்டால் நான் எதற்கும் சம்மதித்துவிடுவேன். காரணத்தைச் சொல்லவேண்டும்.

2

எங்கள் நகரத்திலும் ஒரு வரலாற்று நூதனசாலை இருக்கிறது. பஸ்ஸில் பதினான்கு நிமிடம். பள்ளி விடுமுறை வந்தால் சிறுவர்களுக்கு ஏதாவது வைத்திருப்பார்கள். மீரா அங்கே ரோமப் படைவீரனாக அட்டைக் கவசம் அணிந்திருக்கிறாள், பஞ்சாலைச் சிறுமியாகத் துடைப்பத்துடன் நின்றிருக்கிறாள். போன வருடம் ஒரு தாள் கொடுத்து, "உன் குடும்பம் எங்கிருந்து வந்தது?" என்று எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் "சந்திரனிலிருந்து" என்று எழுதினான். அங்கிருந்த தொண்டர் அம்மா சிரித்துக்கொண்டே அதைச் சுவரில் ஒட்டினார். யாரும் சரிபார்க்கவில்லை. எனக்கு அன்று முழுவதும் உறுத்தலாக இருந்தது. மீரா அந்தத் தாளை எழுதாமலே வந்துவிட்டாள். எழுதுவதற்கு என்னிடம் கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் பஸ் நேரம் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலைகளில் அவளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே ஆசிரியர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தவர்கள், நல்லவர்கள். முதல் நாள் ஒரு ஆசிரியை என்னிடம் கேட்டார்: "நீங்கள் எவடம்?"

"கண்டி."

"ஓ. அப்ப இந்தியத் தமிழரோ?"

என் வேலைத்தலத்தில் மதுரைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் என்னை "சிலோன்காரர்" என்றுதான் மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவார். ஒரே வாரத்தில் சனிக்கிழமை இந்தியாக்காரனாகவும் திங்கட்கிழமை சிலோன்காரனாகவும் இருக்கிறேன். இரண்டு பேரையும் நான் திருத்தியதில்லை. எதைச் சொல்லித் திருத்துவது?

மீரா அந்த வகுப்பிலிருந்து "ஓம்", "விளங்கேல்ல" என்று பேசக் கற்றுக்கொண்டாள். எங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. ஆனாலும் தமிழ் தமிழ்தானே என்று இருந்தேன். இந்த வருடத் தொடக்கத்திலிருந்து அதுவும் குறைந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பதில் எந்த மொழியிலும் வரலாம். பிள்ளை நம்மிடம் கேள்வி கேட்பதை நிறுத்தினால் பிறகு என்ன?

அதனால் கண்டியில் இறங்கிய நாளிலிருந்து, அவள் தமிழில் கேட்கும் கேள்விகளை நாட்குறிப்பில் எண்ணி எழுதினேன். முதல் நாள் நான்கு. மூன்றாம் நாள் ஏழு. ஆறாம் நாள் பதின்மூன்று. "அத்தை, இந்தப் பாணுக்குள்ள என்ன வச்சிருக்கு?" என்று ரொட்டியைக் காட்டிக் கேட்டதையும் சேர்த்துத்தான்.

3

புதன்கிழமை காலை 9.20க்கு நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். நீளமான ஒரே கட்டடம், தகரக் கூரை, வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு காம்பரா. ஒரு குடும்பம் முழுவதும் இருந்த ஒற்றை அறை. ஒன்றில் அடுப்பும் அம்மியும் சாமிப்படமும் இருந்தபடியே வைத்திருந்தார்கள். இன்னொன்றில் கொழுந்துக் கூடைகள். இன்னொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கடிதங்கள், அடையாளத் துண்டுகள்.

பிள்ளைகளை நடத்தியவர் வசந்தி என்ற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். முதலில் எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். அதுதான் பெரட்டுக்களம், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்து அனுப்பிய இடம். கையில் பெரிய பேரேடு ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பெயர் வந்ததும் பிள்ளை பதில் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் தன் கூடையை எடுக்கவேண்டும்.

"மீரா!"

"ஓம்!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அட, யாழ்ப்பாணத்துத் தங்கச்சியா? வாங்க வாங்க. கூடையத் தலையில மாட்டணும், முதுகுல ஸ்கூல் பேக் மாதிரி இல்ல" என்றார் வசந்தி.

மீரா கூடையைச் சரியாக மாட்டிக்கொண்டு, ஓடாமல் என்னிடம் வந்தாள். "அப்பா, நாங்க யாழ்ப்பாணமோ?"

"இல்லம்மா."

"அப்ப நாங்க எவடம்?"

"கூடைய நிரப்பிட்டு வா, சொல்றேன்" என்றேன்.

கூடை நிரப்பி, தராசில் நிறுத்து, களிமண்ணில் அடுப்புச் செய்து முடித்த பிறகு பிள்ளைகளை ஒரு காம்பராவில் உட்காரவைத்துத் தாள் கொடுத்தார்கள். மேலே மூன்று மொழியிலும் 'எங்கள் குடும்பப் பயணம்' என்று இருந்தது. ஐந்து வரிகள். ஒன்று, பெயர். இரண்டு, இப்போது இருக்கும் ஊர். மூன்று, அப்பா பிறந்த இடம். நான்கு, அம்மா பிறந்த இடம். ஐந்து, யார் யார் எங்கெங்கே போனார்கள் என்று படம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குள் கொடுக்கும் தாள்களைக் கடைசிக் காம்பராவின் சுவரில் ஒட்டுவார்கள்.

நான் அந்த நேரம் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று விளக்கக் குறிப்புகளை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். மீரா சாந்தியிடம் கேட்டிருக்கிறாள். சாந்தியின் குரல் எனக்குக் கேட்டது:

"ஹேவாஹெட்ட தோட்டத்து லயத்துலதான்டி கண்ணு உங்கப்பா பொறந்தாரு. இந்த மாதிரி ஒரு காம்பராவுல. அன்னிக்கு அடை மழையாம், கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கெடைக்கலன்னு அம்மா சொல்லியிருக்காங்க. உங்கப்பாவுக்கு நாலு வயசாகறப்பதான் எல்லாரும் டவுனுக்கு வந்தாங்க. நான்தான் டவுன்ல பொறந்தவ."

நான் போய்ப் பார்த்தபோது மூன்றாவது வரியில் மீராவின் உருண்டை எழுத்தில் 'ஹேவாஹெட்ட தோட்டம்' என்று இருந்தது.

என் பேனா கையில்தான் இருந்தது. அந்தச் சொற்களின் குறுக்கே இரண்டு கோடு இழுத்தேன். மேலே 'கண்டி' என்று எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். படிவத்தில் எதை வெட்டினாலும் சுருக்கொப்பம் போடவேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. இதை நான் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

மீரா தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது என்ட தாள்" என்றாள்.

"பிழையா இருந்தது, அப்பா திருத்தினேன்."

"என்ன அண்ணே இது? புள்ள எழுதறதுல கையெழுத்தெல்லாம் போட்டுக்கிட்டு!" என்றாள் சாந்தி.

"என் பாஸ்போர்ட்டில கண்டினுதான் இருக்கு. ஒரு இடத்தில கண்டி, இன்னொரு இடத்தில வேறன்னு இருந்தா?"

"இருந்தா? லண்டன்லருந்து இமிகிரேஷன்காரன் பிளேன் ஏறி வந்து இந்த லயத்துச் சுவரப் படிக்கப்போறானா?"

சுற்றியிருந்த தாய்மார் சிரித்தார்கள். மீரா சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாள். அன்று மாலைவரை ஆங்கிலத்தில்தான் பேசினாள். அதுவும் 'யெஸ்', 'நோ' இரண்டும்தான். நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: புதன், நண்பகல்வரை கேள்வி பத்தொன்பது. அதன் பின் இல்லை.

4

எங்கள் வீட்டில் படிவம் என்பது நோயாளி மாதிரி. அது வீட்டில் இருக்கும் நாட்களில் சத்தம் போடக்கூடாது.

என் அப்பா கண்டியில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தார். தோட்டத்தை விட்டு வந்தவர் என்பதை அவருடைய சட்டைக் கொலரைப் பார்த்து யாரும் சொல்லமுடியாது. அவருக்கு எந்த நாடும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தில் எங்களைப்போன்ற இலட்சக்கணக்கானவர்களுக்கு நாடு இல்லாமல் போயிற்று. பிறகு இலங்கைக்கோ இந்தியாவுக்கோ விண்ணப்பித்துப் பெறலாம் என்றார்கள். ஆகவே விண்ணப்பம்.

சனி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேசையைத் துடைத்து, காயவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்புத் தாளில் படிவத்தின் கேள்விகளையெல்லாம் முதலில் பென்சிலால் பார்த்தெழுதுவார். பதிலையும் பென்சிலால். அடுத்த சனி அழித்துத் திருத்துவார். உண்மையான படிவத்தில் பேனா வைப்பதற்குள் மூன்று நான்கு சனி போய்விடும். அந்த நேரம் நானும் சாந்தியும் தண்ணீர்க் கோப்பையோடு மேசைப் பக்கம் போகக்கூடாது.

விசாரணைக்கு என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். எனக்கு எட்டு வயது. அதிகாரி இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்: "இதில் கண்டியில் வசிப்பதாக எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் தோட்டத்தில் வசிப்பதாக இருக்கிறது. எது சரி?"

அப்பா சொன்னார்: "ரெண்டும் சரிதாங்க ஐயா."

உண்மைதான். வார நாட்களில் கடை மாடி, ஞாயிறு தோட்டம், பெரியப்பா வீடு. ஆனால் அந்தப் பதிலோடு கோப்பு மூடப்பட்டது. அது மறுபடி திறக்கும்போது எனக்கு மீசை வந்திருந்தது.

வெளியே வந்ததும் அப்பா என் தோளைப் பிடித்துச் சொன்னார்: "இனிமே எவன் கேட்டாலும் ஒரே பதில்தான். கண்டி. புரியுதா? நீ எங்க பொறந்த?"

"கண்டி."

"உங்கப்பா எங்க?"

"கண்டி."

என் பிறப்புப் பதிவே தாமதமாக நடந்தது. பள்ளியில் சேர்வதற்குச் சற்று முன்பு. அதில் கண்டி என்று இருக்கிறது. அப்பா சொன்னதால் எழுதினார்களா, உண்மையிலேயே அப்படியா என்று நான் கேட்டதில்லை. கேட்கவேண்டிய இருவரும் இப்போது இல்லை.

பெரியப்பா வேறு கட்டத்தில் அடையாளமிட்டார். இந்தியா. ஹேவாஹெட்டயில் பிறந்து, மாத்தளைக்கு அப்பால் போகாத மனிதர். அவரைத் 'திருப்பி அனுப்புகிறார்கள்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. கண்டி ஸ்டேஷனில் கோச்சி புறப்பட்டபோது அப்பா அழவில்லை. அண்ணனின் கையில் இருந்த பயணத் தாள்களை யன்னல் வழியாக வாங்கி ஒருமுறை சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

5

வியாழக்கிழமை மீரா நூதனசாலைக்கு வரமாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை. நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: எது சரி என்று கண்டுபிடிப்பது. ஆதாரம் கிடைத்தால் மகளிடம் உறுதியாகச் சொல்லலாம்.

என்னோடு படித்த நவாஸ் இப்போது சொந்தமாக மூன்று ஓட்டோ வைத்திருக்கிறான். ஒன்றை அவனே ஓட்டுகிறான். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவனுடைய வாப்பாவின் சாப்பாட்டுக்கடை இருந்தது. அவனைக் கூப்பிட்டு, ஹேவாஹெட்டப் பக்கம் ஓர் அரச அலுவலகத்துக்குப் போகவேண்டும், பிறப்புப் பதிவு பார்க்கவேண்டும் என்றேன்.

"யார்ட பதிவு மச்சான்?"

"என்னுடையது."

"நீ பொறந்துட்டாய்டா. நான் சாட்சி செல்றேன், திரும்பிப் போவம்."

போகும் வழியில் அவனிடம் கேட்டேன், பள்ளியில் நான் டவுன் பையன் என்றுதானே எல்லோரும் நினைத்திருந்தார்கள் என்று. நவாஸ் ஓட்டோவை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"அடேய், ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்கட அப்பா ஒரு கையில பாணும் மத்தக் கையில உன்னையும் புடிச்சிக்கிட்டு ஹேவாஹெட்ட பஸ் ஏறின. எங்கட கட வாசல்லதான் அந்த பஸ் நிக்கிற. தெரியாம ஈக்குமா? முழு வகுப்புக்கும் தெரியும்."

"அப்ப ஏன் யாரும் சொல்லல்ல?"

"என்னத்தச் செல்ற? நீ கண்டி கண்டின்டு சத்தியம் பண்ணின. பாவம்டா, சென்னா அழுவாய்ன்டு உட்டுட்டோம்."

இதை எந்த இடத்தில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன். பதினொரு வருடம் நான் காப்பாற்றிய இரகசியத்தை என் வகுப்பு முழுவதும் எனக்காகக் காப்பாற்றியிருக்கிறது.

அலுவலகத்தில் இருந்த எழுதுநர் சிங்களவர், பொறுமையானவர். பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் விளக்கினார். பழைய பதிவைத் தேடுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பிக் கொடுத்தால் தேடுவார்கள். என் பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் படிவத்தை வாங்கினேன். இரண்டாவது கேள்வி: பிறந்த இடம்.

"மாத்தயா, அதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் வந்தேன்" என்றேன்.

"அது தெரியாம எந்தப் புத்தகத்துல தேடுறது?"

"ஹேவாஹெட்ட தோட்டம்னு போட்டா?"

"போடுங்க. ஆனா உங்க சான்றிதழ்ல கண்டிதானே இருக்கு? அப்ப இது எப்படிச் சரி?"

நான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. பின்னால் ஆறு பேர் நின்றார்கள். எழுதுநர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இரண்டும் சரி' என்று வாய்வரை வந்தது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"கெடைச்சதா?" என்றான் நவாஸ்.

"ஒரு ஃபோம் கெடைச்சது."

"மாஷா அல்லாஹ். ஃபோம் எடுக்கத்தானே லண்டன்லருந்து வந்தாய்?"

வியாழன், தமிழில் கேள்வி: இல்லை.

6

வெள்ளிக்கிழமை காலை சாந்தி எப்படியோ மீராவைப் புறப்பட வைத்தாள். ஞாயிறு எங்கள் விமானம். இதுதான் கடைசி நாள். பஸ்ஸில் மீரா அத்தையோடு முன் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் இருந்து அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நூதனசாலையில் நான் நேராக வசந்தியிடம் போனேன். முந்தைய நாளே யோசித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "என் மகளுடைய படிவத்தில் ஒரு திருத்தம் செய்துவிட்டேன். புதிய பிரதி ஒன்று பெறுவதற்கு என்ன நடைமுறை?"

வசந்திக்கு முதலில் விளங்கவில்லை.

"படிவமா? ஓ, அந்தத் தாளா? எத்தன வேணும் சார்?"

"ஒன்று. பழையதைத் திருப்பித் தரவேண்டுமா?"

"ஐயோ, அது வெளையாட்டுத் தாளுங்க. கெழிச்சிட்டாலும் பரவாயில்ல." மேசையில் இருந்த கட்டிலிருந்து எண்ணாமல் மூன்று தாளை உருவி என் கையில் வைத்துவிட்டு, களிமண்ணைத் தின்னப்போன ஒரு குழந்தையைப் பிடிக்க ஓடினார்.

நான் அந்த மூன்று தாள்களோடு நின்றேன். யாரும் பெயர் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கவில்லை. அப்பா இருந்திருந்தால் இந்த மூன்றையும் அலுமாரியில் துணிக்கு அடியில் வைத்திருப்பார். எனக்கு ஏனோ கண் கலங்கியது. அதற்கும் காரணம் எழுதத் தெரியவில்லை.

மீரா வாசல் படலைப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். தாள்களை நீட்டினேன்.

"அப்பா தப்பு பண்ணிட்டேன். இதில நீ எழுதினபடியே எழுது. நான் தொடமாட்டேன்."

அவள் வாங்கவில்லை. ஆங்கிலத்தில் கேட்டாள், அப்படியென்றால் எது சரி என்று.

நான் சொல்ல ஆரம்பித்தேன். பதிவுச் சான்றிதழில் இப்படி இருக்கிறது, அத்தை கேள்விப்பட்டது அப்படி, பாட்டி சொன்னதற்கு ஆவணம் இல்லை, நேற்று அலுவலகத்தில் கேட்டதில் தேடுவதற்கு ஒரு படிவம்...

"அப்பா." இந்த முறை தமிழ். "உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

தெரியும் என்று சொன்னால் பொய். தெரியாது என்று சொன்னால், ஐம்பது வயது மனிதன், எங்கே பிறந்தேன் என்று தெரியாது என்று மகளிடம் சொல்வது எப்படி?

"பாத்துச் சொல்றேன்மா" என்றேன்.

மீரா எழுந்து உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டே காலுக்குத் திரும்பி வந்து, "எனக்கு இது வேண்டாம்" என்று நான் கல்லின் மேல் வைத்திருந்த மூன்று வெற்றுத் தாள்களையும் என் கையில் கொடுத்தாள். அவள் எதையும் கொடுக்கவில்லை, சுவரில் அவள் பெயர் இருக்காது என்று முடிவுசெய்தேன். போய்ப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடம் அங்கேதான் இருந்தது.

வெள்ளி, தமிழில் கேள்வி: ஒன்று. பதில் கொடுக்கப்படவில்லை.

7

இங்கே திரும்பி வந்து பதினெட்டு நாள். செவ்வாய் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிறேன், காலை 7.10 பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பள்ளி தொடங்கிவிட்டது. மீரா ஆங்கிலத்தில் பேசுகிறாள், நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நேற்று சாந்தி ஒரு படம் அனுப்பினாள். வசந்தி அவளுக்கு அனுப்பியதாம். கடைசிக் காம்பராவின் சுவர். நாற்பது தாள்வரை இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், நான்காக மடித்த அடையாளத்தோடு, மீராவின் தாள்.

என்னுடைய இரண்டு கோடும் அப்படியே இருந்தன. கோட்டுக்கு அடியில் 'ஹேவாஹெட்ட தோட்டம்' நன்றாக வாசிக்க முடிந்தது. மேலே என் கறுப்பு மையில் 'கண்டி'. பக்கத்தில் என் சுருக்கொப்பம். அதற்குக் கீழே, இருந்த சிறிய இடத்தில், பென்சிலால் மீரா எழுதியிருந்தாள்:

'அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது.'

இருபத்திரண்டு வருடமாக நான் நிரப்பிய விசா விண்ணப்பங்கள், வதிவிட விண்ணப்பங்கள், குடியுரிமை விண்ணப்பம் எல்லாவற்றின் பிரதிகளும் என் அலுமாரியில் தேதி வரிசையில் இருக்கின்றன. அவற்றில் என்னைப்பற்றி இவ்வளவு சரியாக எழுதிய வரி ஒன்றும் இல்லை. குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். திருத்த எதுவும் இல்லை.

மீரா பள்ளியிலிருந்து வந்ததும் படத்தைக் காட்டினேன்.

"புதுத் தாள் கொண்டுவந்து தந்தேனே. ஏன் வெட்டினதையே குடுத்த?"

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வெட்டினனீங்கள்தானே. அது நடந்தது. ஹிஸ்டரி மியூசியம்தானே அப்பா."

அவள் மேலே போன பிறகு நாட்குறிப்புக்குள் இருந்த மூன்று வெற்றுத் தாளில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். பெயர் எழுதினேன். இப்போது இருக்கும் ஊர் எழுதினேன். மூன்றாவது வரியில் என் அப்பா பிறந்த இடம். அவர் எனக்குச் சொல்லித்தந்த பதில் கண்டி. பெரியப்பா பிறந்தது தோட்டத்தில். அவருடைய தம்பி மட்டும் எப்படிக் கண்டியில்? நாற்பது வருடத்தில் ஒருமுறையும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. பேனாவை மூடிவைத்தேன்.

"மீரா, பென்சில் ஒண்ணு தா."

அவள் படியில் பாதி இறங்கி நின்று மேசையைப் பார்த்தாள். பென்சிலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் சற்றுத் திருப்பினாள்.

"தாத்தா எவடம், அப்பா?"

"தெரியல்லம்மா" என்றேன்.